காலர் தைக்காத நேரம்

திறந்த வாசல் ஒரு மனிதரைத் தடுத்து நிறுத்தும் என்று டெய்லரம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. பூட்டின கதவு நிறுத்தும், சரி. நாய் கட்டியிருக்கிற கதவும் நிறுத்தும். அப்படி எத்தனையோ கதவுகளைப் பற்றி அவள் வீட்டுக்காரரே சாயங்காலங்களில் கதை சொல்லியிருக்கிறார். ஆனால் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில், கதவுகூட இல்லாத வெறும் நிலைச்சட்டத்துக்கு அடியில், முப்பத்தொரு வருஷம் தபால் பையோடு தெருத்தெருவாக நடந்தவர், யாரோ தரையில் பசை தடவி வைத்ததுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, வாங்க. டீ ஆறுது."

"வர்றேன்."

"வர்றேன் வர்றேன்னு அங்கேயே நிக்கறீங்க."

"நான் வர்றேன்னு சொல்லிட்டேன். கால்தான் இன்னும் பதில் போடல."

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷமே கையில் நடுக்கம் தொடங்கியிருந்தது. கடிதத்தை நீட்டும்போது விரல் நடுங்குவதைப் பார்த்து, ஏதோ கெட்ட சேதிதான் வந்திருக்கிறது என்று நாலைந்து பேர் பயந்துபோனார்களாம். ஒரு பெண்மணி கடிதத்தைப் பிரிக்காமலே அழ ஆரம்பித்துவிட்டாள் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பேர் எழுதிக் கொடுத்தார். மாத்திரை கைக்குக் கேட்டது. காலுக்குக் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், படிக்கட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. எந்தக் கட்டடத்துக்கு எத்தனை படி என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஐம்பத்து நான்கையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கிவிடுவார். சமதரையும் வாசலும்தான் பகை. படுக்கையறையிலிருந்து கூடம், கூடத்தைத் தாண்டிச் சமையலறை ஓரமாகக் குளியலறை. மொத்தம் பதினெட்டு அடி தூரத்தில் மூன்று நிலைச்சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுங்கச்சாவடி.

ஒருநாள் குளியலறை வாசலில் வெகுநேரம் நின்றவரை, வேறு வழியில்லாமல், அவள் அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். போன காரியம் பாதி வாசலிலேயே ஆகிவிட்டது. அவள் துடைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்தா பாரு," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வலி வரட்டும், நடுக்கம் வரட்டும், பொறுத்துக்கறேன். ஆனா நீ என்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போறியோ, அன்னையிலேர்ந்து நான் தபால்காரன் இல்ல. பார்சல்."

"பேச்சைப் பாரு."

"பார்சலுக்கு வாய் கிடையாது. அதனாலதான் இப்பவே சொல்லி வைக்கிறேன்."

அதை அவள் ஒரு வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவர் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அது வாக்குதான்.

ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் இசை சிகிச்சை வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். பாட்டா, இந்த வயசில் பாட்டா என்று இருவருக்கும் கூச்சம். எலும்பு டாக்டரின் அறைக்குப் பக்கத்தில், பழைய நாற்காலிகளை ஒதுக்கி வைத்திருந்த ஒரு நீளக் கூடத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஒரு கீபோர்டு, ஒரு பெரிய டிரம், தரையில் ஒட்டிய வண்ணப் பட்டைகள். நடத்தியவள் முப்பது வயதுப் பெண். "நான் டாக்டர் இல்லம்மா, தெரபிஸ்ட்" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் டெய்லரம்மாவுக்கு அவள் பாட்டு டாக்டர்தான்.

அந்த அறையில் டெய்லரம்மா பார்த்ததை அவள் கண்ணே நம்பவில்லை. சக்கர நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில் நகர மறுத்த ஒரு பழைய ராணுவக்காரர், டிரம் சத்தம் எழுந்ததும் தோளை நிமிர்த்தி அணிவகுப்பில் போவதுபோல் நடந்து போனார். டிரம் நின்றதும் நின்றார். பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு பெண், 'தண்ணி' என்று கேட்கத் திணறிக்கொண்டிருந்தவள், அதையே ராகமாக இழுத்தால் முழுசாகச் சொன்னாள். அவளுடைய தங்கை ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அக்காவை அதட்டுவாள்: "பாடினது போதும், குடி."

"பாட்டு நோயைக் குணமாக்காதும்மா," என்று பாட்டு டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டாள். "நடக்கச் சொல்லி மூளை காலுக்கு உத்தரவு போடுற வழி அடைச்சுப் போச்சு. காதுல ஒரு தாளம் விழுந்தா, அது வேற வழியா காலுக்குப் போயிடுது. அவ்வளவுதான்."

தபால்காரருக்கு அது உடனே பிடிபட்டது. "மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தா பின்சந்து வழியா போய்த் தபால் குடுக்கற மாதிரி."

"அதேதான் சார்! இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கோ. ஆனா பின்சந்துல நாய் இருக்கும்."

இருந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் டிரம்முக்கு நடந்தவர், வீட்டில் எதற்கும் நடக்கவில்லை. மகள் போனில் பழைய பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தாள். பாட்டு நன்றாக இருந்தால் அவர் நடப்பதை விட்டுவிட்டு வாசலில் சாய்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்துவிடுவார். "இந்த இடம் வருது பாரு, இந்த இடம்..." என்று கையை ஆட்டுவார், கால் ஆடாது. போனில் டிக் டிக் என்று தாளம் மட்டும் வருகிற மாதிரி ஒன்றைப் பாட்டு டாக்டர் வைத்துக் கொடுத்தாள். ரெண்டு நாளில், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது, நிறுத்து என்றார். தானே முணுமுணுத்துக்கொண்டு நடப்பதுதான் நல்லது என்று சொல்லிப் பார்த்தார்கள். குரல் அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. நோய் முதலில் காலைப் பிடித்து, அப்படியே தொண்டை வரைக்கும் ஏறிவிட்டது.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் டெய்லரம்மா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரிக்குத் திரைச்சீலை ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அது அவள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கால் மெஷின். இரும்பு மிதிப்பலகை, தேய்ந்து வழவழத்த பெரிய இரும்புச் சக்கரம், அதைத் தலைச்சக்கரத்தோடு இணைக்கிற தோல் வார். டடக், டடக், டடக், டடக். ஆறு கெஜத் துணி, நேர்த்தையல், மனசு எங்கேயோ போய்விட்டது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஐயோ!" என்று துள்ளினாள்.

"நான்தான்."

"எப்படி வந்தீங்க?"

"நடந்து."

"யாரு கூட்டிட்டு வந்தது?"

"நீதான்," என்றார். அவர் கண் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நிறுத்தாத. மிதி. குளியலறை வரைக்கும் போய்ப் பார்க்கறேன்."

அவள் மிதித்தாள். அவர் போனார். ரெண்டாவது வாசல், அங்கே ஒரு தயக்கம், மூன்றாவது வாசல். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து படுக்கையில் உட்கார்கிற வரைக்கும் அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். திரைச்சீலை எப்போதோ முடிந்து, ஊசி வெறும் காற்றைக் குத்திக்கொண்டிருந்தது. நூலெல்லாம் கீழே கொத்தாகச் சிக்கிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அவள் அழுதுகொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் நூலை வெட்டினாள்.

அந்தச் சத்தத்தை வீட்டிலேயே போனில் பதிந்து கொண்டுபோனார்கள்; பாட்டு டாக்டர் அடுத்த புதன்கிழமை அதைக் கேட்டாள். நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு மிதி. "நானே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் இதைத்தான் குடுத்திருப்பேன்" என்றாள். பதிந்ததையே போட்டு நடக்க வைத்தால் என்ன என்று மகள் ஊரிலிருந்து போனில் கேட்டாள். போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "கடுதாசிக்கும் கடுதாசியோட போட்டோவுக்கும் வித்தியாசம் இல்லையா?" என்றார் தபால்காரர். தரை வழியாக வருகிற அதிர்வு உள்ளங்காலில் படுவதுதான் காரணமாக இருக்கும் என்று பாட்டு டாக்டர் சொன்னாள், இருக்கலாம்.

இப்படியாக அந்த வீட்டுக்கு ஒரு நேரக்கணக்கு வந்தது. தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஓரம் அடிக்கும்போது, தலையணை உறை மூட்டும்போது, போர்வை தைக்கும்போது கால் ஒரே சீராக மிதிக்கும். காலர் அப்படியில்லை. காலரில் முனை வரும். முனையில் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியைத் திருப்பி, கையால் சக்கரத்தை உருட்டி நாலு தையல் போட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். அவள் நிறுத்தும்போது அவரும் நிற்பார், ஒரு கால் முன்னால் வைத்தபடி. பொறுமையாகக் கேட்பார்:

"காலரா?"

"காலர்தான். ஒரு நிமிஷம்."

"எடுத்துக்கோ. எனக்கு என்ன, பஸ்ஸா போயிடும்?"

கொஞ்ச நாளில் அவர் படுத்தபடியே சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்தி வந்தால் காலர். கொஞ்சம் ஓடி நின்று, கொஞ்சம் ஓடி நின்று வந்தால் பட்டன் பட்டி. மெதுவாக, பயந்து பயந்து போனால் கைக்கூட்டு. "யாருக்கோ கை தைக்கறே. குண்டு ஆளு." சரியாகத்தான் இருக்கும்.

அவர் நடமாடுகிற நேரமெல்லாம் நேர்த்தையல், அவர் தூங்குகிற நேரம் காலர் என்று அவள் பிரித்துக்கொண்டாள். ஆனால் அவர் நோயாளி. எப்போது எழுவார், எப்போது அவசரம் வரும் என்று கடிகாரமா சொல்லும்? மெல்ல மெல்லச் சட்டை வேலையையே விட்டுவிட்டாள். நாலு தெருவுக்கு, காலர் என்றால் டெய்லரம்மா கை என்று பேர். சட்டையைக் கழற்றி உதறிப் போட்டாலும் காலர் மடியாமல் நிற்கும். அந்தக் கை இப்போது போர்வையும் தலையணை உறையும் தைத்தது. யாராவது சட்டைத் துணியோடு வந்தால் கீழ்த் தெருவில் இருக்கிற வேறு டெய்லரைக் கை காட்டுவாள். பிறகு அந்த ஆள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் காலரைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வாள். முடியாது.

ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இது ஓடியது. அவர் தன் காலால் குளியலறை போனார், தன் காலால் ஜன்னலுக்கு வந்தார், புதன்கிழமைகளில் தன் காலால் படியிறங்கினார். அவள் முட்டிதான் வீங்கியது. ஆளுக்கு ஒரு கால் என்று இருந்த குடும்பம் கடைசியில் ஒற்றைக் காலில் வந்து நின்றது என்று அவளே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்.

மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள். அம்மா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ நடக்கறதுக்கு யாரு மெஷின் ஓட்டுறது?"

"வாயைப் பாரு. அப்படியே அப்பாவை உரிச்சு வெச்சிருக்கே."

"முட்டியைக் காட்டு. காட்டும்மா. இது என்ன முட்டியா, பந்தா?"

மறுநாளே மெஷின் கடைக்காரரை அழைத்து வந்து மெஷினுக்கு மோட்டார் பொருத்தினாள். தோல் வாரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டினார்கள். அப்பாவுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, "வேணுங்கும்போது கைத்தாங்கலா கூட்டிட்டுப் போ. இல்லைன்னா ஒரு ஆள் போடலாம். உன் காலும் போயிட்டா ரெண்டு பேரையும் யாரு பார்க்கறது?" என்றாள். நியாயமான பேச்சு. டெய்லரம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் ஒரு ஓட்டல்காரர் தேடி வந்து, வேலை செய்கிறவர்களுக்கு இருபது வெள்ளைச் சட்டை, விறைப்பான காலர், உங்கள் கைதான் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவரை அவள் கீழ்த் தெருவுக்கு அனுப்பவில்லை. சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

தபால்காரர் படுக்கையில் உட்கார்ந்தபடி மோட்டாரைப் பார்த்தார். "நல்லதுதான். உன் முட்டிக்கு ரிட்டயர்மென்ட்" என்றார். 

மகள் ஊருக்குப் போன மறுநாள், முற்பகல். மோட்டார் வந்த அன்றே ஓட்டல்காரருக்குச் சரி சொல்லியனுப்பிய டெய்லரம்மா, ஏழாவது சட்டையில் இருந்தாள். மோட்டார் உர்ரென்று உறுமியது. காலால் மிதிக்கும்போது இருந்த வலி இல்லை. கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணியின் மேல் தையல் எறும்பு வரிசைபோல் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு வருஷமாக அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

காலர் முனை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஏதோ கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, மோட்டாருக்கு அடியில் ஒரு மூச்சு. அவள் காதில் விழுந்தது. இந்த முனையைத் திருப்பிவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். முனையில் பாதியில் விட்டால் துணி நகர்ந்துவிடும். ஊசியை இறக்கினாள். துணியைத் திருப்பினாள். நாலு தையல்.

விழுந்த சத்தம் மோட்டாரையும் மீறிக் கேட்டது.

முதல் வாசலில், நிலைச்சட்டத்துக்குக் குறுக்கே கிடந்தார். இடுப்பு எலும்பு. கட்டடத்து ஆட்கள் நாலு பேர் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். அந்தப் போர்வையும் அவள் தைத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. மகள் அழுதழுது கண் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் வாங்கினது தான்தானே என்று அவளுக்கு.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் அவர் மகளிடம். பிறகு மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினார். "நான் கூப்பிடலாம்னு நெனைச்சேன். கூப்பிடல. பேசாம எழுந்து வந்துட்டேன். என் தப்பு."

டெய்லரம்மா தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். "சரி, பேசாதீங்க" என்றாள்.

பாட்டு டாக்டர் வார்டுக்கு வந்து பார்த்தாள். இந்த நோயில் விழாதவர்களே இல்லை, இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள், மோட்டார் மேல் பழி போடாதீர்கள் என்று வெளியில் வராந்தாவில் நின்று சொன்னாள். நல்ல பெண். அவளிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று டெய்லரம்மா வாயைத் திறந்தாள். "முட்டி வலிக்கு ஏதாவது தைலம் இருக்காம்மா?" என்று கேட்டு மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றினாள். தோல் வார் தொங்கித் தொங்கிக் காய்ந்திருந்தது; எண்ணெய் தடவி மாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரியும் அவள் மருமகனும் மெஷினைத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். புதன்கிழமைகளில் அவர் போக முடியாததால் பாட்டு டாக்டர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். நடக்க உதவுகிற கைப்பிடிச் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லி அவரை நிற்க வைத்து, "மிதிங்கம்மா" என்பாள். டெய்லரம்மா மிதிப்பாள். முதல் தடவை நாலடி நடந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். "அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ரெண்டாம் தடவை நின்றார், நடக்கவில்லை. அதற்குப் பிறகு நிற்கவும் இல்லை. படுத்தபடி இருக்கும்போது அவள் மிதித்தால் போர்வைக்குள் பாதம் ரெண்டும் மாறி மாறி அசையும். அவ்வளவுதான் மிச்சம். அவளுக்கு அதுவே ஒரு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

ஓட்டல்காரருக்கு ஆறு சட்டையை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, மீதித் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். ஏழாவது சட்டை பாதிக் காலரோடு அலமாரியில் கிடந்தது.

ஐந்தாவது வாரம் நெஞ்சில் சளி கட்டியது. பார்க்க வந்த டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்றார். திரும்பக் கொண்டு வந்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை டெய்லரம்மா கவனித்தாள். மகள் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, துணிமணி எடுத்து வைக்கிறேன் என்று கூடத்துக்குப் போனாள். அறையில் இவர்கள் இருவரும்தான்.

அவர் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"என்ன வேணும்?"

"தூக்குவாங்களா?"

 லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. தூக்காமல் என்ன செய்வார்கள்?

"அப்போ... மிதி" என்றார்.

"சரிங்க. கேட்டுச்சு." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இப்போது நடுங்கக்கூட இல்லை. "அன்னைக்கும் கேட்டுச்சுங்க. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் எழுந்து வரல."

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று அவள் நினைத்தாள்.

"தெரியும்" என்றார். "மோட்டார்னாலும்... நின்னு நின்னுதானே ஓடிச்சு. காலர்."

"ஆமா."

"முனையில விடக் கூடாது. நீதான் சொல்வே."

அது மன்னிப்பா, கேலியா, வெறும் தகவலா என்று அவளுக்குப் புரியவில்லை. பின்னாலும் பலதடவை எண்ணிப் பார்த்தாள், அப்போதும் விளங்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் ரெண்டு பேர் ஏறி வந்தார்கள். படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று பட்டை வைத்துக் கட்டுகிற நாற்காலியைக் கொண்டு வந்திருந்தார்கள். அவரை உட்கார வைத்து, நெஞ்சிலும் மடியிலும் பட்டையை இறுக்கினார்கள். மகள் மருந்துப் பையோடு முன்னால் போனாள். "அம்மா, வா" என்றாள்.

"நீ கூடப் போ. நான் பின்னாலேயே வர்றேன்."

டெய்லரம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நூலை ஊசியிலிருந்து உருவினாள். துணி எதுவும் வைக்கவில்லை. தலைச்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிதிக்க ஆரம்பித்தாள். டடக், டடக், டடக், டடக்.

நாற்காலி முதல் வாசலை நெருங்கியது. தொங்கிக்கொண்டிருந்த பாதங்கள் அசைந்தன. வலது. இடது. வலது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில், ஒன்றன் முன் ஒன்றாக.

"ஐயா, காலை ஆட்டாதீங்க, நிலையில இடிக்கும்" என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

"விடுப்பா," என்றாள் டெய்லரம்மா, மிதிப்பதை நிறுத்தாமல். "அவர் நடந்து போறாரு."

அந்த ஆள் என்ன நினைத்தாரோ, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முதல் வாசலைத் தாண்டினார்கள். கூடம். வெளிவாசல். பாதம் கண்ணிலிருந்து மறைந்தது. அதற்குப் பிறகு படிக்கட்டில் ஆட்களின் செருப்புச் சத்தமும், "மெல்ல, மெல்ல, உன் பக்கம் இறக்கு" என்ற பேச்சும் மட்டும் கேட்டன. படியில் அவருக்கு எப்போதுமே தாளம் தேவைப்பட்டதில்லை. தெரிந்தும் அவள் மிதித்தாள். முட்டிக்குள் யாரோ ஊசி இறக்குவதுபோல் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு படி என்று எண்ணினாள்.

ஐம்பத்து நான்கு வந்ததும் காலை எடுத்தாள். சக்கரம் தன் பாட்டுக்கு இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கினாள்.